வாய் திறக்காத மேட்ச்

அந்த வாரம் கிளிஃப் ஆர்மராட் இரண்டு பொருள்களை உடைத்தார். ஒன்று, ஹாஸ்லோ ஊர் பப்பின் சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சி. இன்னொன்று, பக்கத்து வீட்டு நெவிலின் மூக்கு. இரண்டுக்கும் காரணம் லண்டனிலிருந்து வந்திருந்த ஓர் அமைச்சர்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அமைச்சர் கழுத்தில் ஹாஸ்லோ டவுன் கால்பந்துக் குழுவின் கறுப்பு மஞ்சள் துண்டைச் சுற்றிக்கொண்டு, திரை முழுக்கப் பல்லைக் காட்டி, "சின்ன வயசுலேர்ந்தே நான் டவுன் ரசிகன்" என்றார். எந்த ஆட்டக்காரரை ரொம்பப் பிடிக்கும் என்று நிருபர் கேட்டதற்கு, போன வருடமே வேறு குழுவுக்கு விற்கப்பட்டுப் போனவன் பெயரைச் சொன்னார். கிளிஃபின் கையிலிருந்த பியர் குவளை நேராக அந்தப் பல் வரிசையில் போய் இறங்கியது. கண்ணாடி சிதறித் திரை கறுத்தது.

"அந்த ஆளாவது நம்ம ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டித் தரேன்னு சொல்றான். நீ என்னத்தைக் கிழிச்ச?" என்று நெவில் கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. அடுத்த கணம் நெவிலின் ரத்தம் மேசையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவல் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பப் நடத்துகிற மோரீன், கிளிஃபின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து தெருவில் விட்டாள். தெருவில் நின்றும் அவர் ஓயவில்லை. அமைச்சரை, அந்தத் தொலைக்காட்சி நிலையத்தை, அதற்குக் கட்டணம் கட்டுகிற மக்களை, மழையை, எல்லாவற்றையும் ஒரு சுற்று திட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தார்.

அவர் அப்படித்தான். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். முன்னால் போன வண்டிகளையெல்லாம் திட்டித் திட்டி வளர்ந்த நாக்கு, ஓய்வு பெற்ற பிறகு வேறு வேலை தேடிக்கொண்டது. மனைவி செத்துப் போனபின் வீட்டில் காது கொடுக்க ஆளில்லை. ஆகவே தொலைக்காட்சியோடு பேசினார். சமையல் போட்டியில் அழுகிறவர்களைக் கண்டால் பிடிக்காது. நடனப் போட்டியில் நடுவராக உட்கார்ந்திருக்கும் முன்னாள் அரசியல்வாதியைக் கண்டால் அதைவிடப் பிடிக்காது. பந்தை ஓங்கி உதைக்காமல் காலடியில் வைத்துக் கொஞ்சுகிற கோல்கீப்பர்களையும், தோளில் காற்றுப் பட்டாலே சுருண்டு விழுந்து துடிக்கிற ஆட்டக்காரர்களையும் ஒரே கயிற்றில் கட்டிக் கடலில் தள்ள வேண்டும் என்பார். பாராளுமன்றத்துக்கும் அதே கயிறுதான்.

அந்த வாரக் கோபத்துக்குக் கூடுதல் காரணமும் இருந்தது. பக்கத்து ஊரான கார்ன்ஷாவோடு டவுன் மோதுகிற மேட்ச் வருகிறது. நூறு வருடப் பகை. காலம் காலமாகச் சனிக்கிழமை மூன்று மணிக்கு நடந்துவந்ததை, தொலைக்காட்சிக்காரன் சொன்னான் என்று ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குத் தள்ளிவிட்டார்கள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் மனுஷன் சாப்பிடுவானா, சண்டை போடுவானா?" என்று கிளிஃப் வானொலி நிலையத்துக்கே போன் போட்டுக் கேட்டார். பாதியில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. வானொலிக்காரன்தான் மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்து எடுத்தார்.

"அப்பா, நான்தான்."

மூன்று வருடத்துக்குப் பிறகு மகன் நேதனின் குரல். கிளிஃப் அடுப்பங்கரை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நெவில் மாமா மூக்கை உடைச்சிட்டீங்களாமே?"

"அவன்தான் வாயைக் கொடுத்தான். அதுக்குள்ள உனக்கு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது. சரி, அதுக்குக் கூப்பிடல. கெரி மாசமா இருக்கா. அடுத்த மாசம் பொறந்துரும்."

கிளிஃப் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வராததால் சொல்லவில்லை. அது அவருக்குப் புதிது.

கெரி கார்ன்ஷாக்காரி. அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதன்முறை நேதன் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தது ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வான்கோழி மேசையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு வெளியேறின கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ எதற்கு ஓட்டுப் போட்டாய் என்று கிளிஃப் கேட்க, வெளியேறக் கூடாது என்றுதான் போட்டேன் என்று அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். கிளிஃப் விடவில்லை. அவளுடைய ஓட்டிலிருந்து அவளுடைய ஊருக்குப் போய், ஊரிலிருந்து அவளுடைய அம்மா அப்பாவுக்குப் போனார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதும் அவர் பேசிக்கொண்டிருந்தார். நேதன் அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனவன்தான். கல்யாணப் பத்திரிகைகூட வரவில்லை.

"கெரிதான் சொன்னா," என்றான் நேதன். "பொறக்கிற குழந்தைக்குத் தாத்தா வேணுமாம். ஆனா வீட்டுல அந்தப் பேச்செல்லாம் அவளால திரும்பக் கேட்க முடியாதாம். அதனால ஒரு பரீட்சை. ஞாயித்துக்கிழமை என்னோடயும் கெரி வீட்டு ஆளுங்களோடயும் வந்து மேட்ச் பாருங்க. கார்ன்ஷா பக்கம், எங்க நடுவுல. அவ அப்பா சீட்டு காலியா இருக்கு, முட்டி ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கார். மேட்ச் முடியற வரைக்கும் வாயைத் திறக்காம உட்கார்ந்தீங்கன்னா, நேரா வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்."

"கார்ன்ஷா பக்கமா? எதிரிங்க நடுவுலயா? அதுக்கு என்னைக் கொன்னுடேன்டா."

"வாயைத் திறந்தா அவங்களே கொன்னுடுவாங்க," என்றான் நேதன். அவன் சிரிக்கவில்லை.

கார்ன்ஷா கூட்டத்துக்குள் டவுன்காரன் ஒருவன் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பது இரண்டு ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு ரசிகர் கூட்டத்துக்கும் நடுவே வலை கட்டி, போலீஸ் வைத்து, வருகிற பஸ்ஸைக்கூடக் குதிரைப் போலீஸ் சூழ அழைத்து வருவது சும்மா இல்லை. கிளிஃபே தன் இளமையில் இப்படி அகப்பட்ட ஒருவனைச் சாக்கடையில் அமுக்கியிருக்கிறார். அதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்வார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனார். மஞ்சளில் ஒரு நூல்கூட உடம்பில் இல்லை. பழுப்புக் கோட்டு, பழுப்புத் தொப்பி. மைதானத்து வாசலில் நேதன் நீலத் துண்டு போட்டுக்கொண்டு நின்றிருந்தான். பெற்ற பிள்ளையின் கழுத்தில் கார்ன்ஷா நீலத்தைப் பார்த்ததும் கிளிஃப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைத்துனன் டேரனின் கூரை வேலைக் கம்பெனியில் நேதன் சம்பளம் வாங்குகிறான். அந்த ஊரில் குடியிருக்கிறான். துண்டு போடாமல் அவனால் அங்கே தெருவில் நடக்க முடியாது என்பதும் அவருக்குப் புரியாமல் இல்லை.

"டேரனுக்கு நீங்க யாருன்னு தெரியாது," என்று காதோடு சொன்னான் நேதன். "அவங்க அப்பா சீட்டுல டவுன்காரனை உட்கார வச்சேன்னு தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவான். நீங்க கூரை ஓடு விக்கிறவர். தெற்கேயிருந்து வர்றீங்க. பேரு மார்ட்டின். டவுன் கோல் போட்டா குதிக்கக் கூடாது, கை தட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. புரியுதா?"

"குழந்தை ஆணா பொண்ணா?"

"அப்பா!"

"சரி, சரி. மார்ட்டின்."

டேரன் கதவு அளவு அகலம். பிடரியில் கார்ன்ஷா சின்னத்தைப் பச்சை குத்தியிருந்தான். கிளிஃபின் கையைக் குலுக்கியபோது எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது. அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே அளவில் இரண்டு சிநேகிதர்கள்.

"என்ன மச்சான், உன் ஆளு பேசவே மாட்டேங்கிறாரு?" என்று டேரன் நேதனைக் கேட்டான்.

"அவர் அதிகம் பேசாத மனுஷன்," என்றான் நேதன். கிளிஃபுக்குப் புரையேறியது.

பின் வரிசையில் பெரில் என்று ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயதுக்குக் குறையாது. பின்னல் தொப்பி, மடியில் பிளாஸ்க், கையில் புதினா மிட்டாய்ப் பொட்டலம். கிளிஃபுக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தாள். "எடுத்துக்க செல்லம். கெரி அப்பா சீட்டுல உட்கார்ந்திருக்க, ராசியான சீட்டு அது." நல்ல மனுஷி என்று கிளிஃப் நினைத்தார். ஆட்டம் தொடங்கியது. அடுத்த கணமே அந்த அம்மாள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு, பஸ் டிப்போவில் முப்பது வருடம் இருந்த மனிதருக்கே காது கூசியது. டவுன் கோல்கீப்பரின் பிறப்பை, அவன் அம்மாவின் நடத்தையை, அவன் சாகப் போகிற விதத்தை, மிட்டாயைச் சப்பிக்கொண்டே விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் ஆட்டமாக இல்லை. கசாப்புக் கடையாக இருந்தது. கார்ன்ஷாவின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பந்தை விட்டுவிட்டு டவுன் பையனின் கணுக்காலில் இரண்டு பாதத்தாலும் இறங்கினான். எலும்பு முறிந்த சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. பையனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது கூட்டம் கை தட்டி வழியனுப்பியது. நடுவர் மஞ்சள் அட்டை மட்டும் காட்டினார். கிளிஃபின் வாய்க்குள் முழு நீளப் பிரசங்கம் ஒன்று எழுந்து நின்றது. பல்லை அழுத்தி நாக்கைக் கடித்தார். உப்புக் கரித்தது. ரத்தம்தான். அதை மிட்டாயோடு சேர்த்து விழுங்கினார்.

இடைவேளைக்குச் சற்று முன்னால், நான்கு வரிசை கீழே ஒரு வாலிபன் டவுன்காரர்கள் பாட்டுப் பாடுவதைப் போனில் படம் எடுத்தான். படம் எடுத்ததோடு அந்தப் பாட்டுக்கு உதட்டையும் அசைத்துவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அதைப் பார்த்தான். ஒரு குத்து விழுந்தது. பிறகு சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வாலிபன் இருக்கைகளுக்கு நடுவே மடிந்து விழுந்தான். மேலிருந்து பூட்ஸ் கால்கள் இறங்கின. காவலுக்கு நின்றவர்கள் வந்து இழுத்துப் போகும்போது அவன் முகம் முகமாக இல்லை. அவனுடைய பல் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டு ஒருவன் உட்கார்ந்து பஃப்ஸ் தின்றான்.

"பாவம் சின்னப் பையன். அவங்க அம்மா என்ன சொல்லுவாளோ," என்றாள் பெரில். அடுத்த மூச்சில் லைன்ஸ்மேனைத் திட்டினாள்.

கிளிஃப் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து இறக்கிக்கொண்டார். பயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பயம்தான். தனக்காக இல்லை. அவர் உடம்பு எத்தனையோ அடி வாங்கியது. நேதனின் முகம் வெளுத்திருந்தது. அவன் தன் அப்பாவைப் பார்க்காமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளை தனக்காக எவ்வளவு பெரிய கத்தி முனையில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அப்போதுதான் கிளிஃபுக்கு உறைத்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். அசையக் கூடாது. ஒரு சொல்லும் கூடாது. முடிந்ததும் சாப்பாடு. கெரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்றுகூட வார்த்தைகளை அடுக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாம் பாதியும் கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் முடிகிற தறுவாயில் டவுனுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து வந்தது. டவுன் கேப்டன், தலையில் கட்டுப் போட்டிருந்தவன், கார்ன்ஷா கீப்பரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு பந்தை வலைக்குள் முட்டினான்.

எதிர்ப்பக்கத்து மூலையில் கறுப்பும் மஞ்சளும் வெடித்தன. இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கீப்பரைத் தள்ளினான், கையில் பட்டது, லைன்ஸ்மேன் குருடன், நடுவர் காசு வாங்கியவன், இன்னும் எழுத முடியாத எத்தனையோ. டேரன் முன் இருக்கையை உதைத்து உடைத்தான். நேதனும் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினான். நன்றாகப் பழகியவன் மாதிரி கத்தினான்.

கிளிஃப் உட்கார்ந்திருந்தார்.

அவர் குதிக்கவில்லை. கை தட்டவில்லை. சிரிக்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு பெரிய சந்தோஷம் குதித்துக் கும்மாளம் போட்டது. வெளியே ஒரு தசைகூட அசையவில்லை. மகன் சொன்ன எதையும் மீறவில்லை. ஜெயித்துவிட்டோம், பரீட்சையில் தேறிவிட்டோம் என்று நினைத்தார். தன்னைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை எப்போதும் இருந்ததில்லை.

தோளில் ஒரு விரல் தட்டியது. பெரில் குனிந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"செல்லம், நீ ஏன் திட்டல?"

கிளிஃப் விழித்தார்.

"நம்ம வலைக்குள்ள பந்து போயிருக்கு. அதோ அங்க சர்ச்சுப் பாதிரியார்கூட எழுந்து நின்னு கெட்ட வார்த்தை பேசறார். நீ மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கியே?"

அகப்பட்டுக்கொண்டார். குதிக்காதே என்று நேதன் சொன்னானே தவிர, திட்டு என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. கோல் வாங்கினவன் திட்டுவான். கிளிஃபுக்கும் தெரியும். வாயை மூட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அது மறந்துபோயிற்று. பிறந்ததிலிருந்து திட்டிக்கொண்டே இருந்த மனிதர், திட்டியே ஆக வேண்டிய அந்த ஒரு நேரத்தில் சும்மா இருந்துவிட்டார்.

டேரன் திரும்பினான். "என்ன மார்ட்டின்? வருத்தமே இல்லையா உங்களுக்கு?"

"அவர் தெற்குக்காரர்டா, அவருக்கு என்ன..." என்று நேதன் ஆரம்பித்தான்.

"உன்னைக் கேக்கல மச்சான்." டேரன் கிளிஃபின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினான். "ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு வார்த்தை. டவுன் ஒரு குப்பை. சொல்லுங்க, விட்டுடறேன்."

அமைச்சரைத் திட்டிய வாய் அது. நெவிலையும், மருமகளாக வந்த பெண்ணையும், செத்துப்போன பிரதமர்களையும் திட்டிய வாய். மூன்றே வார்த்தை. சொன்னால் சாப்பாடு, மகன், பேரப்பிள்ளை, எல்லாம் கையில். கிளிஃப் வாயைத் திறந்தார். "டவுன்..." என்றார். அதற்கு மேல் சொல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். "டவுன்..." என்று மறுபடி சொன்னபோது குரல் தழுதழுத்தது. அவரைக் காட்டிக்கொடுக்க அந்தப் பாசம் ஒன்றே போதுமாக இருந்தது.

முதல் குத்து வயிற்றில் விழுந்தது. மூச்சு நின்றுபோயிற்று. டேரனும் அவனுடைய இரண்டு சிநேகிதர்களும் அவரைத் தூக்கி, படிக்கட்டில் இழுத்துக்கொண்டு, இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் நடைபாதைக்குக் கொண்டு போனார்கள். பியர் விற்கிற இடத்துக்கும் ஆண்கள் கழிப்பறைக்கும் நடுவே சிமெண்டுத் தரை. அங்கே போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு ஒன்று உள்ளே சுள்ளென்று முறிந்தது. ஒருவன் அவர் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். நாக்கில் பல் துண்டு இடறியது.

"விடுங்கடா! வயசான ஆளுடா, விடுங்க!" நேதன் ஓடி வந்து டேரனின் கையைப் பிடித்து இழுத்தான்.

டேரன் அடிப்பதை நிறுத்தினான். நிறுத்திவிட்டு மெதுவாகத் திரும்பி நேதனைப் பார்த்தான். அந்தப் பார்வையைக் கிளிஃப் தரையிலிருந்து பார்த்தார். அடியைவிட அது பயங்கரமாக இருந்தது.

"என் அப்பா சீட்டுல இவனைக் கொண்டுவந்து உட்கார வச்சது நீ. இப்ப இவனுக்காகக் குறுக்க வர்றதும் நீ. இவன் யாருடா உனக்கு?"

நேதன் வாயைத் திறந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்பது கிளிஃபுக்குத் தெரிந்துபோயிற்று. சொன்னால் மூன்று பேரும் அவன் மேல் பாய்வார்கள். இன்றைக்கு எலும்பு போகும். நாளைக்கு வேலை போகும். அதற்கு மறுநாளிலிருந்து அந்த ஊரில் அவனும் அவன் மனைவியும் பிறக்கப் போகிற பிள்ளையும் எப்படி நடமாடுவார்கள்? கிளிஃப் ரத்தத்தைத் துப்பிவிட்டு, முடிந்த மட்டும் உரக்கச் சிரித்தார்.

"அவனை ஏன்டா கேக்கறீங்க? அவன் ஒரு மரமண்டை. ஓடு விக்கிறேன்னு சொன்னேன், நம்பிட்டான். பாதி விலைக்குத் தரேன்னு சொன்னேன், டிக்கெட்டைக் கொண்டுவந்து கையில கொடுத்தான். கார்ன்ஷா முட்டாளுங்கன்னா இப்படித்தான்டா இருக்கணும்!"

டேரனின் முகத்தில் சந்தேகம் இன்னும் போகவில்லை. "இவன் சொல்றது நெசமா?" என்று நேதனைக் கேட்டான். நேதன் தரையில் கிடந்தவரையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் ஒரு கணம் போனால் அப்பா என்று கூப்பிட்டுவிடுவான்.

அந்தக் கணத்தைக் கொடுக்கக் கூடாது. கிளிஃபுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தார்.

"வழியெல்லாம் பொண்டாட்டி புராணம் பாடிட்டு வந்தான்டா இவன்," என்றார். "நர்ஸாம். மாசமா இருக்காளாம். கார்ன்ஷாக்காரி வயித்துல என்ன இருக்கும்? பன்னிக்குட்டிதான் இருக்கும். அது செத்தே பொறந்தா ஊருக்கு நல்லது."

மேலே ஆட்டம் முடிந்த விசில் கேட்டது.

வாழ்நாள் முழுக்க மனதில் பட்டதையெல்லாம் கொட்டிய வாய், ஒரே ஒரு தடவை மனதில் இல்லாததைச் சொன்னது. மகனைக் காப்பாற்றச் சொன்னது. ஆனால் குரல் அதே குரல்தான். வான்கோழி ஆறிக்கொண்டிருந்த அந்த மேசையில் கேட்ட அதே குரல், அதே ஏளனம். இது நடிப்பு என்று யாருக்குத் தெரியும்? கிளிஃப் மகனின் முகத்தைப் பார்த்தார். கலங்கியிருந்த கண் காய்ந்துபோயிருந்தது.

நேதன் இரண்டு எட்டில் வந்து முகத்தில் குத்தினான். கிளிஃபின் பின்மண்டை தரையில் இடித்தது.

"அப்படிப் போடு மச்சான்!" என்றான் டேரன். அவனுடைய சந்தேகம் தீர்ந்துவிட்டது. "போதும், வா. போலீஸ் வருது. கெழட்டு நாய் சாகட்டும்." மூன்று பேரும் கூட்டத்துக்குள் கலந்து நடக்கத் தொடங்கினார்கள். நேதனின் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

நல்லவேளை, காரியம் முடிந்தது என்று கிளிஃப் நினைத்தார். அடி பலமாகத்தான் விழுந்தது, ஆனால் விழவேண்டிய இடத்தில் விழுந்தது. மகன் புரிந்துகொண்டிருப்பான், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான் என்று வீங்கிய கண்ணைத் திறந்தார்.

நேதன் போகவில்லை. அவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டான். பிறகு காலை ஓங்கி முறிந்த விலாவிலேயே உதைத்தான். இப்படி உதைக்கச் சொன்னவர் யாரும் இல்லை. பார்த்தவரும் இல்லை. அவன் குனிந்தான். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க," என்றான். "எப்பவும்."

நீலத் துண்டைச் சரிசெய்துகொண்டு அவர்கள் பின்னால் நடந்தான்.

முதலுதவி அறையில் ஒரு பெண் போலீஸ் கிளிஃபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நர்ஸ் விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு சின்னத் தொலைக்காட்சி. நான்கு பேர் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு, டவுன் கேப்டன் கீப்பரைத் தள்ளினானா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். கிளிஃபுக்கு அதில் ஒரு கருத்தும் தோன்றவில்லை.

"ஐயா, நடைபாதை கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கு," என்றாள் அந்தப் பெண். "மத்தவங்க முதுகுதான் தெரியுது. கடைசியா ஒருத்தன் தனியா நின்னு உதைக்கிறான் பாருங்க, அவன் முகம் மட்டும் ஓரளவு விழுந்திருக்கு. நீங்க அடையாளம் சொன்னா இன்னிக்கே தூக்கிடுவோம். ஆறு மாசமாவது உள்ள இருப்பான்."

கையிலிருந்த போனை நீட்டினாள். படம் மங்கலாக இருந்தது. ஆனாலும் அந்தக் காதையும், இடது தோளைச் சற்றே சாய்த்து நிற்கிற விதத்தையும் கிளிஃபுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும்.

"இவனைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதும்மா. யாரோ கார்ன்ஷா பையன்."

"நல்லாப் பாருங்க."

மறுபடி பார்த்தார். நீலத் துண்டு, ஓங்கிய கால், கீழே ஒரு பழுப்புக் கோட்டு. பொய் என்று தெரிந்துதான் முதல் தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்ல வாயைத் திறந்தபோது அதில் எது பொய் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் பார்த்ததே இல்ல," என்றார்.